படம் உழுகல

கல்லூரிப் பிள்ளைகள் என்னைப் பேட்டி எடுக்க வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கல்யாண மேடை ஏறிய முதல் பெண்பிள்ளை நான்தான் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு முன்னால் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இத்தனை வருசம் இந்தத் தொழில்ல நிலைச்சு நிக்கறதுக்கு உங்களுக்கு உந்துதலா இருந்தது யாருங்க மேடம்?" அப்பா, வீட்டுக்காரர், கடவுள் என்று ஒப்புக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன். பச்சைப் பொய். என்னை முப்பது வருடம் ஓட வைத்தது ஒரு மனுஷன்மேல் இருந்த வன்மம். அவர் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் சொன்ன ஒரு வார்த்தையை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வேண்டும். வேறு லட்சியம் கிட்சியம் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் தொழிலில் படம் 'விழும்'. நன்றாக வந்தால் விழுந்தது, வராவிட்டால் விழவில்லை. நாமக்கல் பக்கத்துப் பேச்சில் அது உழுந்துச்சு, உழுகல என்று ஆகிவிடும். நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. தறிச்சத்தம் கேட்கும் தெருவில் பிறந்து, பத்தாவது முடித்த கையோடு பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலைக்குப் போனேன். நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் விளக்கைப் போட்டு, கூராகச் சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கிற தழும்பு, பரு, மச்சம் எல்லாவற்றையும் மூடுவதுதான் டச்சிங். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படத்தில் பெண்ணுக்கு மச்சம் இருக்கக் கூடாது என்பார்கள். எத்தனை பேருடைய மச்சத்தை எடுத்திருப்பேனோ தெரியாது. இன்றைக்கும் ஒருவரைப் பார்த்தால் பெயர் மறந்துபோகும், முகத்தில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது மறக்காது.

முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை நானே எடுத்துப் பழகினேன். கல்யாணமாகி வந்தபோது, அங்கே ஓரம்கட்டிக் கிடந்த ஒரு பழைய கேமராவைச் சீதனம் மாதிரி கொண்டுவந்தேன். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், சுற்றிலும் கோழிப்பண்ணை உள்ள சின்ன ஊர். வீட்டுக்காரருக்கு லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு கிடந்த என்னைத் தேடி ஒருநாள் ஒரு அம்மாள் வந்தார். ஊரிலேயே பெரிய குடும்பம் அவர்களுடையது. போர் போடுகிற ரிக் வண்டி இரண்டு ஓடியது. அவர் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஊரில் ஒரு காரியமும் நடக்காது.

"எங்க கொழுந்தனுக்குக் கல்யாணம். நீ வந்து எடு சாமி" என்றார். "ஆம்பளைங்க எடுத்தா புதுப்பொண்ணு தலையே நிமுத்தாது. நீன்னா கூச்சமில்லாம நிக்கும்."

என் வாழ்க்கையில் முதல் கல்யாணம் அது. அதற்குமுன் நான் அந்த அளவு சந்தோஷப்பட்டதில்லை.

அன்றைக்கு விடிந்ததும் மண்டபத்துக்குப் போய், வாசல் நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேமராவில் பிலிம் ரோல் போட்டேன். "எதுக்குச் சாமி இப்படி மறைச்சுக்கிட்டுப் பண்றே?" என்று அக்கா கேட்டார். அவரை அப்போதே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். வெளிச்சம் பட்டால் ரோல் போய்விடும் என்றேன். ரோலின் முதல் படத்தை நான் எப்போதும் வீணாகத்தான் எடுப்பேன், பிளாஷ் அடிக்கிறதா என்று பார்ப்பதற்காக. எதிரில் அவர்தான் நின்றார். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, "அக்கா, இப்படிப் பாருங்க" என்றேன். தாமரைப்பூ நிறத்தில் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. இந்த நேரத்தில் நானெதற்கு என்று வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தார்.

மாப்பிள்ளையின் அக்கா தங்கை செய்கிற இணைச்சீர், தாலி கட்டு எல்லாம் எடுத்து முடித்தேன். முப்பதுக்குமேல் எடுத்திருப்பேன். பந்தி நடக்கிற நேரம். யாரோ ஒரு சொந்தக்காரர் அக்காவின் வீட்டுக்காரரிடம், "ஒரு பொம்பளைய உட்டு எடுக்கறீங்களே, படம் உழுகுமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அது தைத்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எடுத்த வரைக்கும் காட்டு பாக்கலாம்."

"இப்பப் பாக்க முடியாதுங்க. கழுவணும்."

"கழுவறது அப்பறம். கழுவறதுக்கு முன்னால உள்ள இருக்கோணுமில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவை என் கழுத்திலிருந்து கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்துவிட்டார். பழுப்பு நிறப் பட்டையை இரண்டு விரலால் பிடித்து ஒரு முழம் இழுத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கழுவாத ரோலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. திறந்த நொடியிலேயே எல்லாம் எரிந்துவிட்டது என்பதும் தெரியாது. நேராகப் போய் மைக்கைப் பிடித்தார். "சொந்தபந்தமெல்லாம் மன்னிக்கோணும். பொம்பளை எடுத்ததுல ஒரு படமும் உழுகல. திருச்செங்கோட்டுல இருந்து ஆள் வருது, மறுக்கா எடுத்துக்கலாம்." மண்டபமே சிரித்தது. என் காதுக்குள் அந்தச் சிரிப்பு இன்றைக்கும் இருக்கிறது. வந்த ஆள், கட்டி முடித்த தாலியை மறுபடி கட்டுகிற மாதிரி பிடிக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லி எடுத்தார். அந்த ஆல்பத்தில் மாலையெல்லாம் வாடித் தொங்கும்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைக் கேமராமேல் போட்டு மூடி, என்னை இழுத்துக்கொண்டு அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தினார். "இருட்டுல மூடிக்கோ சாமி. மிச்சம் ஏதாச்சும் இருந்தாலும் இருக்கும்" என்று வெளியிலிருந்து சொன்னார். காலையில் நான் சொன்ன ஒரே வாக்கியத்தை வைத்து அவருக்கு விளங்கியது, அவருடைய கணவருக்கு விளங்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே தடவித் தடவி மூடினேன்.

சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கழுவினேன். எல்லாம் போயிருந்தது. முதலில் எடுத்தது சுற்றின் அடி ஆழத்தில் இருந்ததால் அது ஒன்று மட்டும் பாதி தப்பியிருந்தது. பிரிண்ட் போட்டால், அக்காவின் இடப்பக்க முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. வலப்பக்கம் முழுக்க நெருப்புப் பட்டதைப்போல மஞ்சளும் வெள்ளையுமாகக் கிடந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு கேடு செய்தேன். ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்து, மெதுவாகக் கேட்டார்: "ஏதாச்சும் உழுந்துச்சா சாமி?"

"உழுகலீங்கக்கா. ஒண்ணுகூட உழுகல" என்றேன்.

படம் என் பெட்டிக்குள்தான் இருந்தது. அவர் முகம் அது, அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது. கொடுக்கவில்லை. ஒன்று கிடைத்தால் மனம் ஆறிவிடுவார், வீட்டுக்காரரை மன்னித்துவிடுவார் என்று தோன்றியது. என்னைப்போல அவரும் எரிய வேண்டும் என்று நினைத்தேன். தவிர, அந்தப் படம் அந்த ஆளுக்கு எதிராக என் கையில் இருக்கிற ஒரே சாட்சி. நேரம் வரும்போது மூஞ்சியில் விட்டெறிய வைத்திருந்தேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு கல்யாணத்துக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. பொம்பளை எடுத்தால் உழுகாது என்பது சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் பரவிவிட்டது. என்னைக் காப்பாற்றியது ஆத்தூரில் ஒரு முஸ்லிம் வீடு. ஜவுளிக்கடைக்காரர்கள். நிக்காஹ்வில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாது. என் பழைய முதலாளி சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். "எங்க வீட்டுப் பொம்பளைங்களை நிம்மதியா உக்கார வச்சு எடும்மா" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. ஒரு வீடு பத்து வீடானது. ஆத்தூர், வாழப்பாடி, சேலம் என்று பஸ்ஸிலேயே அலைந்தேன். அந்த ஆல்பங்களைப் பார்த்துத்தான் எங்கள் ஊரிலும் முதலில் வயசுக்கு வந்த பிள்ளைகளின் சீருக்கும், பிறகு கல்யாணத்துக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் போன கல்யாணத்தில் எல்லாம் அக்காவின் வீட்டுக்காரர் இருந்தார். முன்வரிசை நாற்காலி அவருக்கென்றே போட்டு வைத்திருப்பார்கள். என்னைப் பார்த்ததும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "ஏனுங், படமெல்லாம் உழுகுதுங்களா?" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன். முப்பது வருடம், ஒரு கல்யாணம் விடாமல்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவரிடம் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்தேன். 'ரெடி' என்றால் மோவாயைத் தூக்குவார். தூக்கினதும் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். ரெடி சொல்லி, அந்த ஒரு மூச்சு பொறுத்து அமுக்கினால், கண் மூடியபடி விழும். வேறு யாரையும் அப்படி எடுத்ததில்லை. முடிந்த இடத்தில் எல்லாம் அவரைப் படச்சட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளினேன். காது போகும், தோள் போகும். இந்த வட்டாரத்தில் எந்த ஆல்பத்தைப் பிரித்தாலும் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். 'தூங்கற கவுண்டர்' என்று இளவட்டங்கள் பேரே வைத்துவிட்டார்கள். ஊராட்சித் தேர்தலுக்கு நின்றபோது போஸ்டருக்குக் கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லாமல் சேலத்துக்கு ஓடினார். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன்.

"எத்தனை நாளைக்கு இந்த வெளையாட்டு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு என்ன, மைக்கில் மானம் போனது அவருக்கா?

போன வருடம், ஆடி கழிந்து ஒரு காலை. ஒன்பது மணி இருக்கும். என் ஸ்டூடியோ கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்றார். எழுபதைத் தாண்டிய ஆள், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஏனுங்" என்றார். எப்போதும் கேட்கிற கேள்வி வரும் என்று நிமிர்ந்தேன். "எங்கூட்டுல போயிட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு."

அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது தெரியும். போய்ச் சேருகிற அளவுக்கு என்று தெரியாது. நான் பூவைக் கீழே வைத்தேன்.

"ஒரு போட்டோ வேணுங்க. போஸ்டருக்கும் பிளக்ஸுக்கும். பையன் மத்தியானம் வந்து சேந்துருவான், சாயங்காலம் எடுக்கறோம். அதுக்குள்ள ஒட்டோணும்."

"போன்ல இல்லீங்களா?"

"போன்ல எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. இருக்கறது பூராம் பேரனத் தூக்கிட்டு நிக்கறது, அவன் மண்டை மறைச்சுக்குது. ஆதார்ல இருக்கறதப் பெருசு பண்ணிப் பாத்தோம். கண்ணு, மூக்கு ஒண்ணும் தெரியலீங்க. உங்ககிட்ட இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சாவு வீட்டிலிருந்து வந்து நிற்கிற மனுஷனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைக்கிற ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் திறந்து, ஒவ்வொரு கல்யாணமாக ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அக்காவைக் காணோம். ஒன்றில் அரைத் தோள், ஒன்றில் வளையல் போட்ட கை, ஒன்றில் அவருடைய தூக்கிய மோவாய்க்குப் பின்னால் கொஞ்சம் கொண்டை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எப்போதும் அவருக்கு அந்தப் பக்கம், வரிசையின் கடைசியில்தான் நிற்பார். அவரை ஓரத்துக்குத் தள்ளினால் அக்கா சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். இது தெரியாத ஆளா நான்? தெரியும். ஒவ்வொரு முறையும் தெரிந்தேதான் அமுக்கினேன். அவர் கண்ணை மூடினால் போதும் என்று இருந்தேன். முப்பது வருடம் என் கண் முன்னால் நின்ற ஒரே நல்ல மனுஷியை, அந்த முதல் படத்துக்குப் பிறகு நான் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

"எல்லாத்துலயும் நான் கண்ண மூடிருக்கறனே" என்றார் அவர்.

"ஆமாங்க. உங்களுது எனக்கு உழுகல" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய பிரிண்டை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்ப எடுத்ததுங்க?"

"உங்க தம்பி கல்யாணத்தன்னைக்கு. நீங்க தொறந்தீங்களே, அந்த ரோல்."

"மீதி மூஞ்சி?"

"நீங்க தொறந்ததுல எரிஞ்சுபோச்சு."

அவர் படத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், பின்பக்கத்தில் மீதி இருக்குமோ என்பதுபோல. பிறகு சொன்னார்: "அது அப்பறந் தெரிஞ்சுதுங்க. பையனுக்கு ஒரு கேமரா வாங்கினேன். நடுவுல தொறந்தா எல்லாம் போயிரும்னு கடைக்காரன் சொன்னான்."

"அது எப்ப?"

"இருக்கும், இருவத்தஞ்சு வருசம்."

"தெரிஞ்சுக்கிட்டேவா அத்தனை கல்யாணத்துலயும் உழுகுதா உழுகுதான்னு கேட்டீங்க?"

"கேட்டுப் பழகிருச்சுங்க" என்றார்.

அந்தப் பாதி முகத்தை அப்படியே பிளக்ஸ் அடித்து ஊர் முழுக்க நிறுத்திவிடலாமா என்று இருந்தது. பேருந்து நிறுத்தத்தில், மண்டபத்து வாசலில், பால் சொசைட்டி எதிரில். மீதி எங்கே என்று கேட்கிறவர்களுக்கு எல்லாம் அவர் பதில் சொல்லட்டும். நினைக்க நினைக்க இனித்தது. ஆனால் எரிந்த முகத்தோடு நிற்கப்போவது அக்கா. இன்னொரு முறையும் அந்த ஆளை அடிக்கிறேன் என்று அவரையே அடிக்க என் கை வரவில்லை.

"முழு முகமா பண்ணித் தாரேன்" என்றேன். "ஆனா, இந்தப் போட்டோ எப்படி வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா, நடந்ததைச் சொல்லணும். எல்லார் முன்னாலயும். அன்னைக்கு எல்லார் முன்னாலயுந்தான சொன்னீங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

நெகட்டிவை ஸ்கேன் போட்டு, இருக்கிற பாதியைத் திருப்பி மறுபாதியில் பொருத்தி, அது செயற்கையாகத் தெரியாதபடி புருவத்தையும் உதட்டையும் கொஞ்சம் மாற்றினேன். நடுவில் திரும்பி, "வலது பக்கத்துல என்ன இருந்துச்சுங்க? மச்சம், தழும்பு ஏதாச்சும்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அவர் தன் கன்னத்தில் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் இருக்கலீன்னு நெனைக்கறனுங்க."

வலது கண்ணுக்குக் கீழே எள்ளளவு மச்சம் உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட வந்த அன்றே பார்த்தேன். அழிக்கச் சொன்னால் இதை அழிக்கக் கூடாது, இந்த முகத்துக்கு அழகே இதுதான் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ முகங்களில் மச்சத்தை அழித்த நான் அன்றைக்கு ஒன்றை வைத்தேன். திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் அதைச் சுட்டி, "இது..." என்றார்.

"இருந்துச்சுங்க" என்றேன்.

மத்தியானம் நானும் போனேன், கேமராவோடு. கடைசிப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வாசலில் பிளக்ஸ் நின்றது. பெண்கள் அதன் முன்னால் நின்று, "அந்த மச்சத்தப் பாரு, அப்படியே இருக்குது" என்று மூக்கைச் சிந்தினார்கள். அன்றைய புதுப்பெண், அவருடைய தம்பி மனைவி, இப்போது தலை நரைத்தவள், கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங் மாமா, இது எங்க கல்யாணத்தன்னைக்கு அக்கா கட்டியிருந்த சீலையாச்சே. அதுல ஒரு படமும் உழுகலைன்னு சொன்னீங்க?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"உழுந்துச்சு" என்றார். "அத்தனையும் உழுந்துச்சு. நாந்தான் தொறந்து வெளிச்சத்தக் காட்டிப்போட்டேன். அந்தம்மா மேல தப்பில்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் ரெடி சொல்லவில்லை, பொறுக்கவும் இல்லை. அமுக்கிவிட்டேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் இரண்டு கண்ணும் திறந்தபடி விழுந்தார். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. கேட்டதை வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

பிறகு அக்காவை எடுக்க உள்ளே போனேன். பிரீசர் பெட்டிக்குள் மஞ்சள் பூசிப் படுத்திருந்தார். நான் வைத்த இடத்திலேயே மச்சம் இருந்தது, கொஞ்சம் சுருக்கத்துக்குள் போயிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடிமேல் குனிந்து, அவர் என்றோ கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"உழுந்துச்சுங்கக்கா. நீங்க மட்டுந்தான் உழுந்தீங்க."